தேயிலைக் கொப்புள நோயும் வெயிற் கணக்கும்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள ஊர் கந்தப்பளை. முன்னொரு காலத்தில் நானுஓயாவிலிருந்து புறப்பட்ட சிறிய புகைவண்டி ஒன்று, நுவரெலியாவைக் கடந்து இவ்வூர் வழியாக இராகலை வரை சென்று தேயிலைப் பெட்டிகளை ஏற்றி வந்தது. 1940களில் அவ்வண்டி நின்றுபோயிற்று, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. இவ்வூரின் மூடுபனிக்கோ ஓய்வில்லை. வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குக் காற்று நுவரெலியாப் பக்கத்திலிருந்து மேகத்தைத் தள்ளிவரும். அது தணிந்தபின், ஐப்பசி தொட்டு வாடைக்காற்று உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து தூறலைக் கொண்டுவரும். ஆகவே, கொழுந்து பறிக்கும் பெண்கள் படங்குச் சேலையும் கம்பளியுமாய் மலையேறும் நாட்கள் ஆண்டிற் பலவாகும். வெயில் இங்கே அளந்து வழங்கப்படும் பண்டம் போன்றது.

அந்த வெயிலை உண்மையாகவே அளக்கலாம் என்றும், அளந்த கணக்கைக்கொண்டு தேயிலைச் செடிக்கு மருந்து தெளிக்க வேண்டிய நாளையும் தெளிக்க வேண்டாத நாளையும் பிரித்தறியலாம் என்றும் கண்டவர்கள், தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தினர். மேனாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் இந்நாளில் நுண்ணிய மின்கருவிகளை நட்டு, இலை எத்தனை மணி நேரம் ஈரமாயிருந்தது, காற்றின் வெம்மை எவ்வளவு என்று பதிந்து, மருந்தடிக்கும் வேளையைக் கணிக்கின்றனர். இதனைப் புத்தம்புதிய விவசாயம் என்று பலரும் வியந்து பேசுகின்றனர். அதே எண்ணம் நம் மலைநாட்டில் 1960ஆம் ஆண்டளவிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதைச் சொல்வோர் அரியர். அதுபற்றியே நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கதையைக் கோப்பியிலிருந்து தொடங்கவேண்டும். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் என்பவர் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்கிலி என்னும் பூஞ்சண நூல் வல்லுநர் அவற்றை ஆராய்ந்து, அந்தப் பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பின்னைய சொல்லுக்குப் 'பாழாக்குவது' என்று பொருள். பெயரிட்டவருக்கு இருந்த அச்சம் தோட்டத்துரைமாருக்கு இருக்கவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் அவர்கள் மேலும் மேலும் காட்டை அழித்து நட்டார்கள். 1878ஆம் ஆண்டில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராக விரிந்திருந்தது. மலைக்கு மலை ஒரே செடியாயிற்று. காற்றில் வரும் நோய்க்கு இதைவிட வசதியான விருந்து வேறில்லை.

பேராதனையில் சிலகாலம் பணியாற்றிய டானியல் மொறிஸ் என்பவர் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தூவிப் பார்த்தார். கந்தகம் திராட்சைக்காரரின் மருந்தாகும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திராட்சைக் கொடியைச் சாம்பல் நோய் தாக்கியபோது அதனைக் காத்தது கந்தகத் தூளே. கோப்பி நோயை அது அடக்கவில்லை. பின்னர் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் வித்தி எனப்படும் நுண்துகள்களைப் பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தார். வித்தி இலையில் விழுகிறது. இலையில் நீர் நின்றால் முளைக்கிறது. இலையின் நுண்துளை வழியே உட்புகுகிறது. புகுந்தபின் எந்த மருந்தும் அதனைத் தொடுவதில்லை. இவையே அவர் கண்ட முடிவுகள். ஆகவே, வித்தி முளைக்குமுன் இலையின் மேற்புறத்தில் மருந்து இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. என்ன மருந்து என்பதற்கு விடை இருக்கவில்லை. மருந்து கேட்ட துரைமாருக்கு விளக்கம் மட்டுமே கிடைத்தது. அவர்கள் அதை மதிக்கவுமில்லை. 1882இல் வார்ட் நாடு திரும்பிவிட்டார்.

அதே 1882ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்தில், பிரான்சு நாட்டின் போர்டோ நகருக்கு அண்மையிலுள்ள திராட்சைத் தோட்டமொன்றின் ஓரமாக மிலார்டே என்னும் பேராசிரியர் நடந்து சென்றார். அவ்வாண்டு அடிச்சாம்பல் நோயினால் கொடிகள் எங்கும் இலையுதிர்ந்து நின்றன. பாதையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாயிருந்தன. காரணம் கேட்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அக்கொடிகளின்மேல் தெளித்திருப்பதாகச் சொன்னார்கள். நீலம் படிந்த இலையைக் கண்டால் நஞ்சென்று அஞ்சிக் கள்வர் கைவைக்க மாட்டார்கள் அல்லவா? கள்வரைத் தடுக்க வைத்த செம்பு நோயையும் தடுத்திருந்தது. மூன்றாண்டுகள் சோதித்து 1885இல் மிலார்டே அதனை வெளியிட்டார். இன்றும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்காரரும், யாழ்ப்பாணத்தில் முந்திரிகை வளர்ப்போரும் அறிந்த போர்டோ கலவை இதுவே. வார்ட் தேடிய மேற்பூச்சு மருந்து, அவர் கப்பலேறிய ஆண்டிலேயே வேறொரு பயிரின்மேல் தென்பட்டது. அது கருத்தாகி, நூலாகி உலகெங்கும் பரவுமுன் இலங்கைக் கோப்பி வீழ்ந்துவிட்டது.

வீழ்ந்த கோப்பியின் இடத்தில் தேயிலை எழுந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டது யாவரும் அறிந்ததே. 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராயிருந்த தேயிலை, அந்நூற்றாண்டு முடியுமுன் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. மீண்டும் மலைக்கு மலை ஒரே செடி. ஆயினும் ஒரு பாடம் மட்டும் நினைவில் நின்றது போலும். 1925ஆம் ஆண்டில் சட்டமூலம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலையின்மேல் விதித்த சிறு வரியே அதன் செலவுக்கு ஊற்றாயிற்று. அதன் முதல் தலைவரான பெட்ச், தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி நூலெழுதிய பூஞ்சண வல்லுநர். சில ஆண்டுகளில் நிலையம் தலவாக்கலைச் சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. நோய் வருமுன்னே வைத்தியரை அமர்த்திய செயல் இது என்று கருதுகிறேன்.

நோய் 1946இல் வந்தது. கொப்புள நோய் அசாம் நாட்டில் 1868 முதலே அறியப்பட்டதொன்று. பல பத்தாண்டுகளாக நம் பக்கம் எட்டாதிருந்த அது, 1946இல் தென்னிந்திய மலைகளிலும் அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிலும் தோன்றியது. மூன்றாண்டுகளில் சுமத்திராவையும் அடைந்தது. கோப்பியின் கதை திரும்பவும் நடக்கப்போகிறதோ என்ற கலக்கம் நாடெங்கும் எழுந்தது.

இந்நோயின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் பின்வருவது புரியும். முற்றிய இலையை இது தீண்டாது. இளந்தளிரையும் அரும்பையுமே நாடும். நாம் பறிப்பதும் இரண்டு இலையும் ஓர் அரும்புமே ஆகையால், நோய் உண்ணும் பகுதியும் வருமானம் தரும் பகுதியும் ஒன்றேயாகும். வித்தி தளிரில் விழுந்து, ஈரம் கிடைத்தால் முளைத்து உட்புகும். பத்து நாள் அளவில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் எண்ணெய்ப் புள்ளி போன்ற அடையாளம் உண்டாகும். பின் அது பெருத்து, இலையின் மேற்புறம் குழியவும் அடிப்புறம் புடைக்கவும் செய்யும். அப்புடைப்பின்மேல் வெண்பட்டுப் போலப் படர்வதே அடுத்த தலைமுறை வித்திகள். எண்ணற்ற அவ்வித்திகள் இரவுக் காற்றில் பறந்து போகும். இவ்வளவும் மூன்று நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது, கவ்வாத்து வெட்டிய செடிக்கு நேரும் கேடு. வெட்டிய கிளையிலிருந்து புதிதாய்த் துளிர்ப்பதெல்லாம் இளந்தளிராகவே இருப்பதால், நோய் அத்தளிர்களை மீண்டும் மீண்டும் கருக்கும். செடி சோர்ந்து மடிவதும் உண்டு.

இப்பூஞ்சணத்துக்கு ஒரு பெரும் பலவீனம் உண்டு. அதன் வித்தி மெல்லிய தோலுடையது. நேர் வெயிலில் விரைவில் செத்துவிடும். சென்கூம்ஸில் காட், லூஸ் ஆகிய இருவரும் 1940களின் இறுதியில் இவ்வித்திகளின் தன்மையை நுணுகி ஆராய்ந்து எழுதினர். திராட்சைக்காரரின் செம்பு மருந்தும் இம்முறை காலந்தாழ்த்தாது வந்து சேர்ந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பழைய கலவைக்குப் பதிலாக, நீரில் எளிதிற் கலக்கும் செம்புத் தூள்கள் அப்போது கிடைத்தன. ஏக்கருக்குச் சில அவுன்ஸ் தூளே போதும் என்பதும் சோதனையில் தெரிந்தது. அதனை ஒவ்வொரு வாரமும் புதிதாய் விரியும் தளிரின்மேல் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். சென்ற வாரம் தெளித்த இலை பறிபட்டுப் போயிருக்கும். இந்த வாரத்து இலைக்குப் பாதுகாப்பு இல்லை.

தெளித்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாகவேண்டும். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து, வழுக்கும் மலைச்சரிவில் நிரை நிரையாக ஏறியிறங்கியவர்கள் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரே. கொப்புளம் பட்ட கொழுந்தை முதலில் விரலால் உணர்ந்தவர்கள் அவர்களின் மனைவியரும் மக்களும். நாட்டின் முதற்பெரும் ஏற்றுமதிப் பொருளை இவர்கள் காத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. வரலாற்று நூல்களில் இவ்விரு செய்திகளும் வெவ்வேறு அத்தியாயங்களில் காணப்படும். மலையில் அவை ஒரே பெரட்டுக் களத்தில், ஒரே காலை வேளையில் நிகழ்ந்தன.

கிழமை தவறாது மருந்தடிப்பதற்கு ஆகும் செலவு சிறிதன்று. செம்பு இறக்குமதிப் பொருள். கொழுந்தில் மருந்து தங்கினால் தேநீர்ச் சுவை கெடும் என்றும், வாங்குவோர் மறுப்பர் என்றும் அச்சம் வேறு. ஆகவே, மருந்து தேவையற்ற வாரம் எது என்று முன்கூட்டி அறிய வழியுண்டா என்பது கேள்வியாயிற்று. விடையை வித்தியின் பலவீனத்திலேயே தேடினர். வெயில் மிகுந்த வாரத்தில் வித்தி சாகும். இலை விரைவில் உலரும். புதுத் தொற்றுக் குறையும். அப்படியாயின் எத்தனை மணி வெயில்?

வானிலை நிலையங்களில் வெயிலை அளக்க ஓர் எளிய கருவி உண்டு. உருண்டையான கண்ணாடிக் குண்டு ஒன்று. அதன் பின்னே மணிக்கோடுகள் அச்சிட்ட அட்டை. சூரியன் காயும்போது குண்டு ஒளியைக் குவித்து அட்டையைச் சுட்டுக் கருங்கோடு இழுக்கும். மேகம் மறைத்தால் கோடு நிற்கும். மாலையில் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயிலின் அளவு தெரிந்துவிடும். எண்ணெயோ மின்சாரமோ கேளாத கருவி. இத்தகைய வெயிற் கணக்கையும் தோட்டத்து நோயின் அளவையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஆராய்ந்ததில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரின் ஆராய்ச்சிக் கட்டுரை 1961இல் இங்கிலாந்தின் பயன்முறை உயிரியல் ஏடொன்றில் வெளிவந்தது. இலங்கையில் வெயிலும் மழையும் கொப்புள நோயை எவ்வாறு ஆள்கின்றன என்பதே அதன் பொருள். தோட்டங்களுக்குச் சென்ற நடைமுறை விதியோ மிக எளியது. 5 நாட்களின் வெயிலைக் கூட்டிச் சராசரி காண்க. அது நாளொன்றுக்கு 4 மணிக்குச் சற்றுக் குறைவானதோர் எல்லையைத் தாண்டியிருந்தால் மருந்தை நிறுத்தி வைக்கலாம். எல்லைக்குக் கீழே இறங்கினால் தெளிக்கவேண்டும்.

1967இல் அலன் கெர், றொட்றிகோ ஆகியோர் இதனை மேலும் கூர்மையாக்கினர். தோட்டத்தில் ஏற்கெனவே எவ்வளவு நோய் இருக்கிறது என்பதையும் கணக்கிற் சேர்த்து, சில வாரம் கழித்து நூற்றுக்கு எத்தனை கொழுந்தில் கொப்புளம் இருக்கும் என்று முன்னுரைக்கும் முறையை வகுத்தனர். இந்தக் கெர் பின்னர் அவுஸ்திரேலியா சென்று, செடிகளின் வேரடியில் கழலை உண்டாக்கும் கிருமியை மற்றொரு கிருமியால் அடக்கும் வழியைக் கண்டு, 1990இல் அந்நாட்டின் முதல் 'அவுஸ்திரேலியப் பரிசில்' பங்குபெற்றார். திராட்சைக் கொடியின் கழலைக்கு மட்டும் அவருடைய வைத்தியம் பலிக்கவில்லை என்பது வேடிக்கை.

திராட்சைக்காரரும் வாளாவிருக்கவில்லை. இத்தாலிய அறிஞர் பல்டாச்சி 1947இல் 'மூன்று பத்து' என்னும் விதியை வகுத்திருந்தார். தளிர் 10 சென்ரிமீற்றர் நீண்டிருக்க, வெம்மை 10 பாகைக்குக் குறையாதிருக்க, ஓரிரு நாளில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், அடிச்சாம்பல் நோயின் முதல் தொற்று வரும் என்று எதிர்பார்க்கவேண்டும். அங்கே மழையை எண்ணினார்கள். இங்கே வெயிலை எண்ணினோம். இன்றைய மின்கருவிகள் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுகின்றன. எண்ணும் கருத்து மாறவில்லை.

கண்மூடித் தெளிப்பதால் வரும் கேட்டுக்கும் நம் மலையிலேயே சான்று உண்டு. தளிர்களை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவொன்று முற்காலத்தில் தேயிலைக்குப் பெரும் பகையாயிருந்தது. 1930களின் நடுவில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழித்துவந்தது. ஒரு சதமும் கேளாத காவற்காரன் அது. 1950களில், கிளையைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்திரின் என்னும் கடிய நஞ்சைத் தெளித்தார்கள். அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் கிளர்ந்தெழுந்தது. ஒரு பகையை ஒழிக்கப் போய் மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிட்ட கதை இது.

கணக்கின்றித் தெளிப்பது ஒரு கோடியென்றால், கணக்கின்றி நிறுத்துவது மற்றொரு கோடி. 2021ஆம் ஆண்டு சித்திரையில் இரசாயன உரம், மருந்து ஆகியவற்றின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்பே தடையைத் தளர்த்த நேர்ந்தது. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாயிருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. கந்தப்பளையில் தேயிலையை அடுத்து உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் பயிரிடுவோர் பட்ட பாடு வேறு. 'எப்போது வேண்டாம்' என்று அறுபது ஆண்டுக்கு முன்பே வெயிலை எண்ணிச் சொன்ன ஒரு நாட்டில், ஒரே கையெழுத்தால் எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்றது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

கொப்புள நோய்க்கு 1980களுக்குப் பின் இலைக்குள் ஊடுருவும் புதிய மருந்துகளும் வந்தன. நோயைத் தாங்கும் செடி வகைகளும் தெரிந்தெடுக்கப்பட்டன. இவற்றால் வெயிற் கணக்கின் தேவை மறைந்துவிடவில்லை. அக்கணக்கில் எழுதப்படாத ஓர் எண்ணும் இருந்தது. அஃது ஆட்களின் எண்ணிக்கை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தால், புள்ளி விழுந்த தளிர் கொப்புளமாகி வித்தி விடுமுன்பே கூடையில் விழுந்துவிடும். பறிக்கும் கையே பாதி மருந்து. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு உரியவர் எனக் கணக்கிடப்பட்டபோது, அந்தக் கைகளிற் பலவும் கப்பலேறின. அவர்களை நீலகிரியில் குடியமர்த்தத் தமிழ்நாட்டு அரசு 1968 தொட்டுத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அங்கேயும் 1946 முதலே கொப்புள நோய் காத்திருந்தது. கந்தப்பளையில் கற்ற கண் கூடலூரிலும் கோத்தகிரியிலும் பயன்பட்டது.

இங்கே எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தோட்ட வேலைக்கு வருவதில்லை. லயத்தையும் அந்தக் கூலியையும் அறிந்தவர் அவர்களைக் குறைகூற மாட்டார். ஆளில்லாத மலையில் பறிப்பு முறை பத்து நாளாகவும் அதற்கு மேலும் நீள்கிறது. பறிக்காத தளிரில் புள்ளி முற்றி, வெண்பட்டு விரித்து, வித்தி இறைக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் சூரியனைக் காணாத கந்தப்பளைச் சரிவுகளில், மருந்துப் பம்பு இப்போது அடிக்கடி வெளியே வரவேண்டியிருக்கிறது.